முதல் பாகம் மாதிரி வராது

புதிதாக ஒரு வீடியோ கேம் வெளியாகும்போதெல்லாம், அதோடு சேர்ந்து தானும் வெளியே வருகிற ஓர் உயிரினம் உண்டு. விளையாட்டைத் தயாரிக்கச் சில நூறு பேர் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். இந்த உயிரினமோ சோபாவில் சாய்ந்து, ஒரு கையால் காதைக் குடைந்தபடி, காது சுத்தமாவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடும். இதற்கு விஞ்ஞானப் பெயர் யாரும் வைத்ததாகத் தெரியவில்லை. நாம் நீதிபதி என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்தவர்களில் ஒருவராவது இருப்பார். இல்லையா? சரி, அவசரமில்லை, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

விளையாட்டு வெளியாகும்வரை நீதிபதி காத்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? முன்னோட்டம் வந்த அன்றே, மேலதிகாரிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று ஒலியை முழுக்க அணைத்துவிட்டு அலுவலக மேஜைக்கு அடியில் அதைப் பார்த்து முடித்து, “மியூசிக் சரியில்ல” என்று நண்பர்கள் குழுவில் செய்தி போட்டுவிடுவார். வெளியான அன்று விளையாட்டு பாதிதான் இறங்கியிருக்கும். அதற்குள் “ரொம்ப இழுவை” என்று அடுத்த செய்தி வரும். அவருடைய வீட்டு இணையம் இழுக்கிறதா, விளையாட்டு இழுக்கிறதா என்றெல்லாம் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. செய்தால் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறி, மறுநாள் காலை தானே திரும்பி வருவார்.

எல்லா நீதிபதிகளுக்கும் பொதுவான வாக்கியம் ஒன்று இருக்கிறது. “என்ன இருந்தாலும் முதல் பாகம் மாதிரி வராது.” ஐயா, இதுதானே முதல் பாகம் என்று யாராவது எடுத்துச் சொன்னால் அசரவே மாட்டார். “அதத்தான் நானும் சொல்றேன். இதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!” என்பார். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் அவர் வேறு விளையாட்டுக்குப் போயிருப்பார்.

என் தங்கையின் கணவர் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். லிஃப்ட் விஷயத்தில் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். பாவம், அந்த நிதானமெல்லாம் அங்கேயே செலவாகிவிடுகிறது போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்துவிட்டால் ஆளே வேறு.

அவருடைய பரம பக்தர் ஒருவர் இருக்கிறார். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். அதனால் குழுவில் அவர் பெயரே எக்ஸ்ரே. எலும்பு உடைந்திருக்கிறது என்று டாக்டரே சொன்னாலும் படத்தைப் பார்க்காமல் நம்பாத மனிதர், விளையாட்டு விஷயத்தில் மட்டும் என் மாப்பிள்ளை சொல்வதை அப்படியே நம்பினார். டிராகனோடு சண்டை போடுகிற ஒரு விளையாட்டுக்காக அவர் வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அது வெளியானதும் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு, ஒரு பிரதியும் வாங்கிக்கொண்டு, நேரே மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டார். மேலுறையைக் கிழிக்கவில்லை. கிழிக்காத வரைக்கும்தான் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

“தலைவரே, நீங்க ஆடிப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. நல்லா இல்லன்னா இப்பவே திருப்பிக் குடுத்துட்டு, லீவையும் கேன்சல் பண்ணிட்டு வேலைக்குப் போயிடுறேன்.”

சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்தார். நானும் அன்று அங்கேதான் இருந்தேன்.

மாப்பிள்ளை தான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த வட்டைச் செருகினார். விளையாட்டு தானாகத் திறந்துகொண்டது. திரையில் ஒரு வீரன் குதிரையில் பாய்ந்தான், பாலத்தைத் தாண்டினான், டிராகனின் கழுத்தில் வாளை இறக்கினான். மாப்பிள்ளையின் கட்டைவிரல்கள் பறந்தன. வீரன் இடப்பக்கம் சாய்ந்தால் இவரும் இடப்பக்கம் சாய்ந்தார்; வீரன் குதித்தபோது இவர் குதித்த குதியில் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. வீரனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

“கன்ட்ரோல் பரவாயில்ல. நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே அவன் செய்யுறான்” என்றார்.

எக்ஸ்ரே முகம் மலர்ந்தது. “அப்போ நல்லா இருக்கா தலைவரே?”

“இரு, இரு. ரொம்ப ஈஸியா இருக்கே. சவாலே இல்ல. அப்புறம் கீழ என்னமோ எழுத்து மின்னிக்கிட்டே இருக்கு பாரு, கண்ண உறுத்துது. இதோ பாரு, மறுபடியும் அதே குதிர! அதே பாலம்! அதே டிராகன்! இவனுங்ககிட்ட சரக்கு தீந்துபோச்சுப்பா. என்ன இருந்தாலும் முதல் பாகம் மாதிரி வராது.”

எக்ஸ்ரே பெட்டியைத் துணிப்பைக்குள் மெதுவாக வைத்து எழுந்தார். வருஷக்கணக்கான ஆசை, டம்ளர் தண்ணீரோடு தரையில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மாப்பிள்ளையின் மேல் உண்மையாகவே கோபம் வந்தது.

தண்ணீரைத் துடைக்கத் துணியோடு வந்த என் தங்கை, கணவரை ஒரு கணம் நின்று பார்த்தாள்.

“ஏங்க, அந்தக் கன்ட்ரோலர்ல பேட்டரி இல்லையே. காலைலதான் எடுத்து சுவர்க் கடிகாரத்துல போட்டேன்.”

மாப்பிள்ளையின் விரல்கள் நின்றன. வீரன் நிற்கவில்லை. அவன் பாட்டுக்கு மூன்றாவது தடவையாகப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தான். தங்கை குனிந்து, திரையின் அடியில் மின்னிக்கொண்டிருந்த எழுத்துகளை வாசித்தாள். “விளையாட்டைத் தொடங்க ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்னு போட்டிருக்கு. யாரும் அழுத்தலன்னா இப்படித்தான் வெறும் படமா ஓடிட்டு இருக்கும்போல.”

அறையில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கன்ட்ரோலரை வைத்துவிட்டு வேறு ஊருக்குக் குடிபோயிருப்பார்கள். நீதிபதியா போவார்?

“நான் அப்பவே சொன்னேன்ல, ரொம்ப ஈஸின்னு!” என்று சோபாவில் ஓங்கித் தட்டினார். “பேட்டரியே இல்லாம ஜெயிக்க முடியுது மச்சான்! இதெல்லாம் ஒரு கேமா?”

முதலில் சிரித்தவர் எக்ஸ்ரேதான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், துணிப்பைக்குள் கையை விட்டார். அங்கேயே, நீதிபதியின் கண் முன்னாலேயே, சர்ரென்று மேலுறையைக் கிழித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

விடுப்பு முடிகிறவரை குழுவில் அவரைக் காணவில்லை. “கேம் எப்படி?” என்று ஆளாளுக்குக் கேட்டதற்கு ஒருவழியாகப் பதில் வந்தது: “தெரியலப்பா. இன்னும் ஆடிக்கிட்டு இருக்கேன்.” இப்படி ஒரு பதிலை அந்தக் குழு அதுவரை கண்டதில்லை. மாப்பிள்ளை உடனே எழுதினார்: “எக்ஸ்ரே முன்ன மாதிரி இல்ல.”

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் இதன் தலைப்பைப் பார்த்ததுமே பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொன்னீர்களே, அது என்ன? இரண்டாவது பத்தியிலேயே உதட்டைப் பிதுக்கி, “இவர் முன்னாடி எழுதினதுதான் நல்லா இருந்துச்சு” என்றீர்களே! முன்னால் நான் எழுதிய எதை ஐயா நீங்கள் படித்தீர்கள்? போகட்டும், மறுக்க வேண்டாம். உங்கள் கையில் இருப்பதைத் திருப்பி, பின்மூடியைத் திறந்து, உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.