துரைசாணியின் விருந்தாளி

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவுகளில் எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். உங்கள் முதுகுவலியும் அக்காவின் முழங்காலும் தேவலையா என்று அறிய ஆவல். இதை அக்கா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படிக்கவும். அவள் கண்ணில் பட்டால் எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்றுதான் முடிப்பாள்.

விஷயம் உங்கள் மருமகளைப் பற்றியது. காலேஜில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு இந்த பிரிட்டிஷ் டிவி நாடகப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதிலும் புதுசு எதுவும் ஆகாது, நாம் பிறப்பதற்கு முன்னால் எடுத்த கறுப்பு வெள்ளைதான் வேண்டும். நானும் உட்கார்ந்து பார்த்தேன், அத்தான். ஒரு பெரிய வீடு, வெளியே மழை, ஒருவர் வருகிறார், பெருமூச்சு விடுகிறார், ஜன்னலைப் பார்க்கிறார். ஒரு மணி நேரத்தில் ஒரு தந்தி வந்தது, அதையும் யாரும் பிரிக்கவில்லை. இவளோ தலையணையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிறாள். வெயில் கொளுத்தினாலும் மழை வரும்போல் இருக்கிறதே என்று பேச்சை ஆரம்பிக்கிறாள். அதனால் வீட்டில் இப்போது அவளுக்குத் துரைசாணி என்றுதான் பெயர். இதுவரை நான் கவலைப்படவில்லை. பல்செட் செய்கிறவன் மகள் கொஞ்சம் பல்லைக் கடித்துப் பேசினால் தொழிலுக்கு நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு உயிரான ஒரு நாடகத்தின் கடைசிப் பகுதி மட்டும் உலகத்தில் யாரிடமும் இல்லையாம். அந்தக் காலத்தில் டேப் விலை அதிகமென்று பழைய நாடகங்களை அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு எதையாவது பதிவு செய்வார்களாம். அவளைப் போலவே பைத்தியம் பிடித்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள், போனில் ஒரு குழு வைத்துக்கொண்டு அந்தக் கடைசிப் பகுதியில் என்ன நடந்திருக்கும் என்று ஓயாமல் பேசுகிறார்கள். நாமே நடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் துணிக்கடையில் பில் போட்டுக் களைத்து வந்திருந்த என் மனைவியை எஜமானியம்மாளாக உட்கார வைத்தாள். என் கையில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு வீட்டு வேலைக்காரர்களுக்குத் தலைவன் நீங்கள்தான் என்றாள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தாள், அதில் நாலைந்து ஆங்கில வசனம் தமிழ் எழுத்தில்.

தாள் முடிந்தது, அத்தான். நான் நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அப்பர் செட், லோயர் செட், ஓப்பன் யுவர் மவுத், அவ்வளவுதான் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு மடைதிறந்த மாதிரி வருகிறது. பல்லில் நாக்குப் படுகிற இடமே மாறிவிட்டது. இது தொழில் தெரிந்தவன் சொல்வது. என் மனைவியும் சளைக்காமல் பதில் சொல்கிறாள், முதுகை நிமிர்த்திக்கொண்டு, விரலைக்கூட அசைக்காமல். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் ஒருவர் திரும்பி வருகிறார், வண்டி தாமதம், விளக்கை ஜன்னலோரம் வை என்கிறாள். நான் வைத்துவிட்டு ஏதோ ஒரு வாக்கியம் சொல்கிறேன். இரண்டு பேரும் பேசியது என்னவென்று துரைசாணி மொழிபெயர்த்துச் சொன்னபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. “நான் உங்களை அதட்டினேனாமே, நல்லாத்தான் இருந்திருக்கு” என்று என் மனைவி சொன்னாள்.

துரைசாணி இதையெல்லாம் போனில் படம் பிடித்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். அந்த நாடகத்தில் வேலைக்காரச் சிறுமியாக நடித்தவர் ஒருவர் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறார், நல்ல வயதான அம்மாள். யாரோ அவரிடம் படத்தைக் காட்ட, அவர் வீடியோவில் எங்களைக் கூப்பிட்டார். அவர் பேசியதை மகள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். விளக்கை வைத்துவிட்டு நான் பேசினேனே ஒரு வாக்கியம், அது எழுதிய நாடகத்திலேயே இல்லையாம். என் வேஷம் போட்டவர் வசனம் மறந்து அன்றைக்குத் தானாகச் சொன்னதாம். அடுத்து, வெளிநாட்டிலிருந்து வரும் அந்த விருந்தாளி கதவைத் தட்ட வேண்டும். தட்டினாராம். என் வேஷக்காரர் போய்த் திறந்தால் நாடகச் செட்டின் கதவு புதுப் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டு ஆசாரியைத் தேடிப் போனார்கள். திறந்தபோது விருந்தாளி வேஷக்காரர் கதவுக்குப் பின்னால் விழுந்து கிடந்தார். மூச்சு இல்லை. அந்தப் பகுதியை முடிக்கவேயில்லை. “இதோட விட்டுருங்க, மேல நடிக்காதீங்க” என்று அந்த அம்மாள் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

விட்டுவிட்டோம். அடுத்த ஞாயிறு வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்டாள். நான் எழுந்து நின்றேன். துண்டு என் கையில் இருந்தது, எப்போது எடுத்தேன் என்று தெரியாது. அப்போது வாசல் கதவைத் தட்டினார்கள். எங்கள் வீட்டில் காலிங் பெல் இருக்கிறது, அத்தான். கைக்குழந்தைகூட அதைத்தான் அழுத்தும்.

தாழ்ப்பாளில் கை வைத்தவன் அப்படியே நின்றேன். என்னால் முடியவில்லை.

“திறங்கப்பா” என்றாள் துரைசாணி.

“யாருன்னு தெரியாம எப்படிம்மா திறக்கிறது?”

“யாருன்னு உங்களுக்கே தெரியும். எத்தனை வருஷமா நின்னுக்கிட்டு இருக்கார். நீங்களும் திறக்கலன்னா அவர் எங்கப்பா போவார்?”

மேல் தாழ்ப்பாளையும் போட்டேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. கதவிடம்தான் பேசுகிறாள். காலேஜ் விட்டு வந்ததும் கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவருக்குப் பிறகு வந்த நாடகங்களின் கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாவம், அவர் எதையுமே பார்க்கவில்லையாம். எது கலரில் வந்தது, எது சப்பென்று முடிந்தது, எதில் கதாநாயகன் பொருத்தமில்லை என்று அபிப்பிராயம் வேறு. கேட்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் சிரிப்பு வர வேண்டிய இடங்களில் அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்கிறது. மெதுவாக, நாகரிகமாக. கதவுக்கு அடியில் இரண்டு பாதங்களின் நிழல் தெரிகிறது. நாங்கள் பின்வாசல் வழியாகப் போய்வருகிறோம். பால்காரரை விட்டுப் பார்க்கச் சொன்னேன். “வாசல்ல யாரும் இல்லையே சார், வெறும் குடை ஒண்ணுதான் சாத்தி வச்சிருக்கு” என்கிறார். எங்கள் வீட்டுக் குடைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன.

அத்தான், நீங்கள் புயலில் கரண்ட் கம்பம் ஏறியவர். லைன்மேனாக இருந்த காலத்தில் இருட்டுக்கும் இடிக்கும் அஞ்சாதவர் என்று அக்காவே ஒத்துக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை வந்து, முன்வாசல் வழியாக நடந்து, அங்கே யார் நிற்கிறார்கள் என்று ஒரே ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள். என் மகள் என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அதுபோதும் எனக்கு. பக்கத்து வீட்டாருக்குத் தெரிய வேண்டாம். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசி, உங்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்களை நம்பியிருக்கும் மைத்துனன்

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் தட்டினார்கள். “மாப்ளே, நான்தான்” என்று உங்கள் குரல் கேட்டது. இரண்டு தாழ்ப்பாளையும் நானே திறந்தேன். உங்களைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. துரைசாணி என்னைக் கட்டிக்கொண்டாள். உங்கள் வழுக்கை, உங்கள் இருமல், அதே கட்டம்போட்ட சட்டை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நீங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் மிக உயர்வாக. சந்தேகத்துக்கு உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். அக்கா எடுத்து, “அவர் உள்ள பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கார், கூப்பிடவா?” என்றாள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். எனவே நீங்கள் சிரமப்பட்டுக் கிளம்பி வர வேண்டாம். இங்கே இருக்கும் உங்களுக்கு என் மனைவி டீ கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எப்போது ஊருக்குத் திரும்புவதாக உத்தேசம் என்று மகளை விட்டு நயமாகக் கேட்கச் சொன்னேன். இவ்வளவு காலம் வெளியில் நின்றவருக்கு இனி எந்த அவசரமும் இல்லையாம்.