எரிப்பதற்கென்றே அச்சிட்ட புத்தகம்

சாக்சனி நாட்டுத் துறவி ஒருவர் திருச்சபைக்கு விரோதமாக எழுதிய தப்பறைப் புத்தகங்களைச் சந்தைத் திடலில் வைத்து எரிக்க வேண்டும் என்று ஆயர் பெருந்தகையின் திருவுத்தரவு வந்தபோது, ஷோன்பாக் நகரம் முழு மனதோடு கீழ்ப்படியத் தயாராக இருந்தது. விறகு இருந்தது. கொளுத்துவதற்குத் தூக்கிலிடும் ஆளும் வேலையில்லாமல் சும்மாதான் இருந்தான். புத்தகம்தான் இல்லை. பக்தியுள்ள ஊர், எழுத்து வாசனையே இல்லாத ஊர். வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டதில், நோன்புக் காலத்தில் ஒளித்து வைத்திருந்த இரண்டு பன்றித் தொடைகள் அகப்பட்டதோடு சரி. இருந்த ஒரே பிரதி, உத்தரவோடு சேர்த்து ஆயரகமே மாதிரிக்கு அனுப்பியது.

பக்கத்து ஊரில் ஒரு வண்டி நிறைய எரித்தார்களாம். இங்கே ஒற்றைப் புத்தகத்தை எரித்தால் ஷோன்பாக்கின் விசுவாசத்தைப் பற்றி மேலிடம் என்ன நினைக்கும்? முதன்மைக் குருவான சிகிஸ்மண்ட் சாமிக்குத் தூக்கம் போயிற்று. அச்சுக்காரன் வென்டெலினைக் கூப்பிட்டனுப்பினார்.

வென்டெலின் செபத் தாளும் பாவமன்னிப்புச் சீட்டும் அச்சிட்டுப் பிழைக்கிறவன். தன் நிழலுக்கே வழிவிடுகிற சுபாவம்.

"முந்நூறு பிரதி அடிச்சுக் குடு," என்றார் சாமி.

"சாமி, இதை அடிச்சா கழுத்து போயிடுமே."

"படிக்கிறதுக்கு அடிச்சாத்தான் போகும். நாம எரிக்கிறதுக்கு அடிக்கிறோம். இது திருப்பணி."

"அப்படின்னா ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கு யாராவது கேட்டா காட்டுவேன்."

"எழுதிக் குடுத்தா அது ஆயரகம் அனுமதிச்ச புத்தகம்னு ஆயிடும். அனுமதிச்ச புத்தகத்தை எப்படிய்யா எரிக்கிறது?"

வென்டெலின் மாதிரிப் பிரதியை வாங்கிக்கொண்டு போனான். அச்சுக் கோத்தான். அச்சுப்பிழை ஒன்றுகூட இருக்கக்கூடாது, துறவியின் தப்பு மட்டும்தான் எரிய வேண்டும் என்று சாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்தினான்.

அச்சிடும் தாளை முதலில் நனைக்க வேண்டும்; அப்போதுதான் மை பிடிக்கும். நனைந்த தாளோ எரியாது. வெளியே விடாத மழை. கூரையுள்ள பெரிய இடம் ஊரில் ஒன்றுதான் உண்டு. ஆகவே பேராலயத்தில் தூணுக்குத் தூண் கயிறு கட்டி, முந்நூறு பிரதிகளின் தாள்களையும் காயப்போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமி மேடையேறி, "மேலே தொங்குறதை யாரும் பார்க்கக்கூடாது," என்று எச்சரித்தார். அதுவரை குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன.

ரொட்டிக்காரி ஒட்டிலியா எழுந்தாள். "எதை நம்பக்கூடாதுன்னு தெரிஞ்சாத்தானே சாமி நம்பாம இருக்க முடியும்? நல்லதுன்னு நினைச்சு நம்பித் தொலைச்சிட்டா?"

கேள்வி நியாயமானது. ஆகவே சாமி தப்பறைகளை ஒன்றுவிடாமல், குழந்தைக்கும் விளங்கும்படி, ஊர்ப் பேச்சில் விளக்கினார். அவற்றுக்கான மறுப்பை லத்தீனில் சொன்னார். உண்மையைச் சந்தைப் பேச்சில் சொல்வது உண்மைக்கு மரியாதையல்ல.

அந்த வாரம் முழுக்கப் பேராலயத்தில் கூட்டம் தாங்கவில்லை. கறிக்கடைக்காரர் முதல் வண்ணாத்தி வரை அண்ணாந்து நின்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டிலியா வென்டெலினையே இழுத்துக்கொண்டு போய், "இது என்ன எழுத்து? அது என்ன எழுத்து?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஊரில் இவ்வளவு பக்தி பெருகியதைப் பார்த்துச் சாமி கண் கலங்கினார்.

எரிப்பு விழா அமர்க்களமாக நடந்தது. பார்வையிட வந்த ஆயரின் தூதர் புருவத்தை உயர்த்தினார். "இத்தனூண்டு ஊர்ல இவ்வளவு தப்பறையா? சபாஷ். சரி, இதை அடிச்சவன் எங்கே?"

சாமி கூட்டத்துக்குள் விரலை நீட்டினார். "இதோ நிக்கிறானே."

"சாமி, நீங்கதானே அடிக்கச் சொன்னீங்க," என்றான் வென்டெலின்.

"எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார் சாமி.

வென்டெலின் ஊரைப் பார்த்தான். கயிறு கட்டியது ஊருக்கே தெரியும். ஒட்டிலியா முந்திக்கொண்டாள். "எனக்கு அப்பவே இவன் மேல சந்தேகம். கையெல்லாம் மைக்கறை." ஆமாம் ஆமாம் என்றார் கறிக்கடைக்காரர். வென்டெலினுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. ஆனால் அதற்குள் கையைக் கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தூக்கு என்று முடிவாயிற்று.

மறுநாள் சாமி சிறைக்கு வந்தார். தூக்குக்கு முன் தன் பாவ அறிக்கையைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து வென்டெலின் முழந்தாளிட்டான்.

"எழுந்திரு. உன் தீர்ப்பை எல்லாக் கோயில் கதவிலயும் ஒட்டணும். ஊர்ல வேற அச்சுக்காரன் கிடையாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ சும்மாதானே இருக்கே?"

வென்டெலின் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தான். எத்தனை வருஷத்துத் தொழில் புத்தி, வாய் தானாகவே கேட்டுவிட்டது. "வழக்கம்போல லத்தீன்லயா சாமி?"

"சேச்சே, நம்ம பேச்சுலயே அடி. இப்பத்தான் ஊரே படிக்கக் கத்துக்கிச்சே."