புழுக்கை மிஸ்ஸும் ஒன்பதாம் நம்பர் ஆடும்

ஆட்டின் பின்பக்கத்தைப் புழுக்கை மிஸ் அளவுக்கு மரியாதையாகப் பார்த்த மனிதர் உலகத்தில் இல்லை. உன்னிச்சையில் நிச்சயமாக இல்லை.

அவர் போய் மூன்று மாரி ஆகிறது. கம்பஸில் இருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் செம்மறி குறைவு. என்னிடம் பன்னிரண்டு நின்றன. அதனால் என்னைத் தேடி வந்தார்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். கையுறை, சின்னப் போத்தல்கள், மீன்காரர் வைத்திருப்பது போல ஒரு ஐஸ் பெட்டி. புழுக்கை நிலத்தில் விழக் கூடாது. விழுந்தால் மண்ணில் உள்ளதும் ஒட்டிவிடுமாம். அதனால் ஆட்டுக்குப் பின்னால் கையை ஏந்திக்கொண்டு நடப்பார். ஆடு நின்றால் நிற்பார். ஓடினால் ஓடுவார். வயல் வட்டைக்கு வேலைக்குப் போன மாமி ஒருத்தி நின்று பார்த்தாள்.

"என்ன மிஸ், மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தியா?"

"இல்ல மாமி, புழுக்கைக்கு."

"அதுக்கும் நேர்த்தி வைக்கிறாங்களா?"

பஸ்ஸில் அவருக்குப் பக்கத்துச் சீட் எப்போதும் காலி. ஒருநாள் திரும்பிப் போகும் வழியில் ஐஸ் உருகிவிட்டது. ஏறாவூரில் இறங்கி மீன்கார நானா ஒருவரிடம் கேட்டிருக்கிறார். அவர் இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டு, "உள்ளுக்க என்ன மீன் மிஸ்?" என்றாராம்.

"ஆட்டுப் புழுக்கை நானா."

நானா கையைத் துடைத்தாராம். பிறகு சொன்னாராம், "ஐஸ் மிஞ்சினா திருப்பித் தர வேணாம்."

இதெல்லாம் எதற்கு என்று நானும் கேட்டேன்.

"ஆட்டுட வயித்துக்குள்ள ஒரு ஊரே இரிக்குக்கா. கண்ணுக்குத் தெரியாத சனம். புல்லச் செமிக்க வைக்கிறது அதுகள்தான். புழு வந்து குடியேறினா கொஞ்சம் அழியுது, கொஞ்சம் பெருகுது. ஆர் போறாங்க, ஆர் வாறாங்க எண்டுதான் பாக்கிறன்."

விளங்கியது. எங்கள் ஊரும் சண்டைக்குள் இரண்டு தரம் எழும்பிப் போய் வந்ததுதான்.

ஆடுகளின் காதில் நம்பர் கட்டினார். ஆறு ஆட்டுக்குப் புழு மருந்து. ஆறுக்கு இல்லை. மருந்து இல்லாதது வாடினால் நான் சொல்ல வேண்டும். அவர் மருந்து கொடுத்து அதைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார். அப்படி இரண்டு போய், நாலு மிச்சம்.

"இன்னொண்டு போனா கணக்குக் காணாது, திரும்ப முதல்ல இருந்துதான்க்கா," என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கையுறையை மாட்டினார்.

மழைக்குப் பிறகு அந்த நாலில் ஒன்றுக்கு, ஒன்பதாம் நம்பருக்கு, தாடை வீங்கியது. இமையை விரித்துப் பார்த்தேன். கடதாசி போல வெளிறி இருந்தது; புழு இரத்தத்தைக் குடித்துவிட்டது. அந்தக் கிழமை மிஸ் வரவில்லை. ஆடும் சாகக் கூடாது, மிஸ்ஸின் படிப்பும் கெடக் கூடாது. வளவின் பின்பக்கம் இழுத்துப் போய், வீட்டில் கிடந்த புழு மருந்தைப் பருக்கிவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆடு தேறியது. ஒருநாள் மிஸ் படலையில் இருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஒன்பதில புழு முட்ட ஒண்டும் இல்ல. போன சனமும் திரும்பி வருதுகள். இது தானாவே புழுவ வெண்டிட்டுது."

ஆட்டுக்கு ஒரு பைக்கற் பிஸ்கட். எனக்கு இல்லை. வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதப் போவதாகச் சொன்னார்.

மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் ஆடு பட்டியலில் இருந்து போகும். மிஸ்ஸும் போய்விடுவார். சொல்லாவிட்டால் பெரிய ஆட்களுக்கு முன்னால் பொய்யை வாசிப்பார்.

நாலாம் நாள் சொன்னேன்.

"மருந்து குடுத்தது நான்தான் மிஸ்."

பட்டி வாசலில் அப்படியே குந்திவிட்டார். புழுக்கை மேல். கொப்பியை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு?"

"ஒண்டர மூடி."

"எண்டைக்கு?"

"வெள்ளிக்கிழம. பின்னேரம்."

கொப்பியைத் திறந்து, ஒன்றரை மூடி என்றே எழுதினார். ஒன்பதுக்கு மேல் கோடு போட்டார். பேனை கொஞ்ச நேரம் அதிலேயே நின்றது. பிறகு, "நான் பிஸ்கட் வேற குடுத்தனேக்கா," என்று சிரிக்கத் துவங்கினார். நானும் சிரித்தேன். அழுதாரா என்று பார்க்கவில்லை.

பெரிய மந்தை உள்ள இடம் தேடி வடக்கே போனார். திரும்ப முதலில் இருந்து. போகும்போது மிச்ச மருந்தை என் கையில் வைத்தார்.

"ஒளிக்காமக் குடுங்கக்கா."

ஒன்பது பிறகு இரண்டு குட்டி போட்டது. முதல் பஸ் சத்தம் கேட்டால் ஆடுகள் இப்பவும் கலைந்து ஓடும். நான் படலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மருந்தைப் பட்டப்பகலில், முற்றத்தில் வைத்தே கொடுக்கிறேன். ஒளிப்பதற்கு ஆள் இல்லை.