ரெண்டு சீட் வண்டியில் அம்மா

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம்; அம்மாவின் வலது முழங்காலும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உங்கள் ஏழு பேர் வண்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'நீங்கள்' என்பது இந்த ஒரு பத்திக்கு மட்டும்தான். கடிதத்துக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. அடுத்த பத்தியிலிருந்து வழக்கம்போல நீ.

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். பதினொரு நிமிடம். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம்; ஆனால் போனில் என் வாக்கியங்களையெல்லாம் நீயே முடித்துவைத்துவிடுகிறாய், அதுவும் நான் நினைக்காத விதத்தில். காகிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. நம் குடும்பக் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் பத்தொன்பது விநாடி வீடியோ ஒன்றைப் போட்டிருக்கிறார். அதில் அம்மா கூரையில்லாத காரில், கொட்டுகிற மழையில், குடை பிடித்துக்கொண்டு போகிறாள். ஓட்டுவது நான். "அம்மாவ சர்க்கஸ்ல சேத்துட்டியா? ஆபரேஷன் பண்ண கால் அது! இருபதாம் தேதி வர்றேன், அம்மாவ இங்கயே கூட்டிட்டு வந்துடறேன். நீ அந்தப் பொம்மைய வித்துட்டு மனுஷங்க போற வண்டியா ஒண்ணு வாங்கு" என்றாய். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா வரமாட்டாள். வண்டி விற்கப்படாது. இருபதாம் தேதிக்கு நீ வேறு ஏதாவது வேலை வைத்துக்கொள்ளலாம்.

பொம்மை என்றாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். பன்னிரண்டு வயதான வண்டி அது. முதல் சொந்தக்காரருக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததால் விற்பனைக்கு வந்தது. பழைய கார் விற்கிற இடத்தில் எட்டு மாதம் சுவரோரமாக நின்றிருந்தது. வருகிறவர்கள் கதவைத் திறந்து பின்சீட்டைத் தேடுவார்களாம். இல்லை என்று தெரிந்ததும் விற்பவரை மோசடிக்காரர் மாதிரி பார்த்துவிட்டுப் போவார்களாம். அதனால்தான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என் சம்பளத்துக்குக் கட்டுப்படியானது. உன் வண்டியின் விலைக்கு இதில் மூன்று வாங்கலாம். அப்போதும் ஆறு பேர்தானே போக முடியும் என்பாய். சொல்லிக்கொள்.

ஏன் வாங்கினேன் என்று இதுவரை நீ கேட்டதில்லை, நானே சொல்கிறேன். பதினேழு வருடமாக என் வேலை லிஃப்ட் பரிசோதனை. காலையிலிருந்து மாலைவரை கூரையும் நாலு சுவரும் உள்ள பெட்டிக்குள் நின்று, கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு ஆளை நசுக்காமல் திரும்புகிறதா என்று பார்க்கிறேன். '8 பேர், 544 கிலோ' என்று தகடு மாட்டச் சொல்கிறேன். ஒன்பதாவது ஆள் "நான் ஒல்லிதானே" என்று ஏறுகிறார். போன வருடம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், பரிசோதகரையும் உள்ளே வைத்துக்கொண்டு லிஃப்ட் நின்றுவிட்டது. கூட மாட்டிக்கொண்ட கட்டட மேலாளர் நாற்பது நிமிடமும் தன் மருமகனின் குணத்தை விளக்கினார். வெளியே வந்ததும் முடிவு செய்தேன்: இனி வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற அந்த அரை மணி நேரமாவது என் தலைக்கு மேலே ஒன்றும் இருக்கக்கூடாது. அந்தச் சனிக்கிழமையே வண்டி வந்துவிட்டது. அம்மா வாசலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மீதிய எப்போ கொண்டு வருவாங்க?" என்று கேட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு மாதம் அம்மாவை அதில் ஏற்றவே இல்லை. இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். தாழ்வாக எதிலும் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், வாடகைக் காரில்தான் போனோம். டாக்டர் அந்தத் தடையை நீக்கிய மறுவாரம், பிசியோதெரபிக்குக் கிளம்புகிற நேரத்தில், வாடகைக் கார் டிரைவர் "ரெண்டு நிமிஷத்துல வந்துடுவேன்" என்றார். இருபது நிமிடம் கழித்துக் கேட்டபோதும் அதே ரெண்டு நிமிஷம். "ஏண்டி, உன் வண்டிதான் சும்மா நிக்குதே" என்றாள் அம்மா. "அதுல உன்னால உக்கார முடியாதும்மா" என்றேன். "உக்காரத் தெரியாமயா எனக்கு எழுபத்திரண்டு வயசு ஆச்சு?" உட்காருவது உண்மையில் பிரச்சினையே இல்லை, அண்ணா. திரும்பி நின்று கையை விட்டால் போதும், மீதியைப் பூமி பார்த்துக்கொள்ளும். "தரை வந்துடுச்சா? தரை வந்துடுச்சா?" என்று கேட்டபடியே அம்மா இறங்கினாள், இறங்கிக்கொண்டே இருந்தாள். வாக்கர் டிக்கிக்குள் போகவில்லை. அந்த டிக்கியில் ஒரு கைப்பெட்டியும் ஒரு ஜோடிச் செருப்பும் போகும், செருப்பு புது மாதிரியாக இருந்தால் அதுவும் போகாது. கூரையை மடக்கிவிட்டு இரண்டு சீட்டுக்கும் பின்னால் வாக்கரைச் செங்குத்தாகச் செருகினேன், அதற்கென்றே அளவெடுத்த மாதிரி நின்றது. அம்மா தலைக்குப் பின்னால் அது ஒரு சிம்மாசனத்தின் முதுகு போல இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில்தான், இறங்குவது ஒன்று இருக்கிறதே என்பது எங்கள் இருவருக்கும் உறைத்தது. அம்மாவால் எழ முடியவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் அவளுக்குக் காலில் பலம் இருக்காது, உனக்குத் தெரியும். பின்னால் நாலைந்து வண்டிகள் ஹாரன் அடிக்க, செக்யூரிட்டி ஓடிவந்து, "மேடம், ஸ்ட்ரெச்சர் கொண்டு வரட்டுங்களா?" என்றார். "எதுக்குப்பா? நான் இன்னும் இருக்கேன்" என்றாள் அம்மா. சத்தம் கேட்டு பிசியோதெரபிஸ்ட்டே வெளியே வந்தாள். சின்ன வயதுதான், ஆனால் அம்மா அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறாள், அவ்வளவு கண்டிப்பு. எனக்கு நல்ல திட்டு விழப்போகிறது என்று நின்றேன். டீச்சர் வண்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், "யாரும் தொடாதீங்க. அம்மா, நுனிக்கு நகருங்க. ரெண்டு காலும் வெளிய. மூக்கு முழங்காலுக்கு மேல வரணும், இன்னும் குனியுங்க, இப்ப எழுந்திருங்க" என்றாள். மூன்றாவது முயற்சியில் அம்மா எழுந்தாள். செக்யூரிட்டி கைதட்டினார். "உள்ள போலாமா?" என்று நான் கேட்டதற்கு, "எதுக்கு உள்ள? இன்னைக்கு ட்ரீட்மென்ட் இதான். மறுபடி உக்காருங்கம்மா, இன்னும் ஒன்பது தடவை" என்றாள். ஹாரன் அடித்தவர்கள் எல்லாம் இறங்கி வந்து எண்ணினார்கள். "இந்த வண்டியிலேருந்து எழுந்துட்டா உலகத்துல எந்த நாற்காலியிலேருந்தும் எழுந்துடலாம்" என்று டீச்சர் சொன்ன வாக்கியத்தை அப்படியே உனக்குத் தருகிறேன். உன் வண்டிக்கு ஏணி வைத்து ஏற வேண்டும். அதற்கான பயிற்சியை எந்த ஆஸ்பத்திரியும் தருவதாகத் தெரியவில்லை.

பஸ் விஷயத்தை மட்டும் நானே ஒப்புக்கொள்கிறேன். அது என் தப்புதான். சிக்னலில் எங்கள் பக்கத்தில் ஒரு பஸ் நின்றது. நாங்கள் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் ஜன்னலோரத்தில் இருந்த அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்து, வாக்கரைக் கவனித்து, "முட்டி ஆபரேஷனா? எனக்கும்தான்!" என்றார். "எந்தக் கால்?" என்றாள் அம்மா. "ரெண்டும்! முதல் காலு நல்லா ஆச்சு, ரெண்டாவது கால்லதான் என் மருமக என்ன பண்ணா தெரியுமா?" என்று அவர் சொல்லும்போது பச்சை விழுந்துவிட்டது. பஸ் போய்விட்டது. அம்மா என் தோளில் அடித்து, "விடாத, விடாத, பஸ் பின்னாலயே போ! மருமக என்ன பண்ணான்னு தெரியாம நான் எப்படித் தூங்குறது?" என்றாள். நான் படித்தவள். நாற்பத்தாறு வயதானவள். அரசாங்கம் அங்கீகரித்த பரிசோதகர். இருந்தும் போனேன். அடுத்தடுத்து நாலு நிறுத்தத்திலும் பஸ்ஸை ஒட்டிப்போய் நின்று, கதையைத் தவணை தவணையாகக் கேட்டோம். நடத்துனர் "ஏறுறதுன்னா ஏறுங்க, இல்லாட்டி தள்ளுங்க" என்று விசில் ஊதினார். மருமகள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று இரண்டாவது நிறுத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அம்மாவுக்கு நாலாவதில். பிசியோதெரபிக்கு முக்கால் மணி நேரம் தாமதம். இதைப் பற்றி வீடியோ எதுவும் வரவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது.

இனி அந்தப் பத்தொன்பது விநாடி. காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையைப் போட வேண்டியதுதானே என்பாய். வாக்கர் நடுவில் நிற்கும்போது கூரை வராது. வாக்கரைக் கழற்றினால் வைக்க இடமில்லை. ஆனால் இந்த வண்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அண்ணா: அறுபதைத் தாண்டி ஓட்டினால் மழை முன்கண்ணாடியில் ஏறி நம் தலைக்கு மேலேயே போய்விடும், உள்ளே ஒரு சொட்டு விழாது. வெளிவட்டச் சாலையில் இருபது நிமிடம் நாங்கள் காய்ந்த துணி மாதிரி வந்தோம். வாழ்நாள் முழுக்க எந்த வண்டியில் ஏறினாலும் "மெதுவா, மெதுவா" என்று டிரைவர் உயிரை எடுத்த நம் அம்மா, "ஏண்டி கால எடுக்குற? அழுத்து!" என்று கத்தினாள். அப்புறம் சிக்னல் வந்தது. தொண்ணூறு விநாடி. அம்மா பையிலிருந்து குடையை எடுத்து விரித்தாள், எல்லாரும் செய்வதுதான். பச்சை விழுந்ததும் மடக்க மறந்தாள். அதுவும் எல்லாரும் செய்வதுதான். குடை அப்படியே மேல்நோக்கிப் பூத்தது, துணி போனது, கம்பி மட்டும் கையில் நின்றது. வீடியோ எடுத்தவர் அங்கே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அம்மா வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்ததை அவர் எடுக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நான்தான் நாலு நாள் ஜுரத்தில் படுத்தேன். இரண்டாம் நாள் அம்மா எனக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கிக் குடித்த பிறகுதான், அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்தாள் என்பது எனக்கு உறைத்தது. வாக்கர் ஹாலிலேயே நின்றிருந்தது. அவளும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

இவ்வளவும் வேடிக்கை. ஒன்று மட்டும் வேடிக்கை இல்லை. நம் வீட்டில் யாரும் யாரோடும் தனியாக இருந்ததே கிடையாது, யோசித்துப் பார். சாப்பிட்டால் எல்லாரும், தூங்கினால் எல்லாரும், அழுதால்கூட யாராவது ஒருவர் வந்து "என்ன, என்ன" என்று கேட்டு அதைக் கலைத்துவிடுவார். இப்போது இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர், ஆனாலும் நடுவில் டிவி இருக்கிறது. இந்த வண்டியில் டிவி இல்லை, பின்சீட்டில் காது இல்லை, எழுந்து உள்ளே போகவும் வழி இல்லை. ஒரு நாள், ரயில்வே கேட்டில் நின்றபோது, அம்மா நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ கல்யாணம் வேணாம்னப்போ எல்லாரும் அழுதாங்க. நானும் அழுதேன். உள்ளுக்குள்ள, அப்பாடா, கூட ஒருத்தி இருப்பான்னு இருந்துச்சு. இருபது வருஷமா அது எனக்கு வெக்கமா இருக்குடி." ரயில் போனது. கேட்டைத் தூக்கினார்கள். நான் கியர் போட்டேன். வேறு என்ன செய்வது? உன் ஏழு பேர் வண்டியில் அம்மா இதைச் சொல்லியிருப்பாளா?

ஆகையால், மரியாதையோடும் உறுதியோடும் மறுபடி சொல்கிறேன். நீ வர வேண்டாம். அம்மா என்னோடுதான் இருப்பாள். வண்டி என்னிடம்தான் இருக்கும், என்னைத் தவிர வேறு யார் கையும் அதன் ஸ்டீயரிங்கில் படாது. நீயும் அண்ணியும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், இருக்கிற இடத்திலேயே. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உன் தங்கை

பின்குறிப்பு: மேலே கண்ட எதையும் பொருட்படுத்தாதே. "நீயும் ரெண்டு வரி எழுதுறியாம்மா?" என்று கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தாள். "அம்மா வரமாட்டாள்னு எழுதியிருக்கியே, என்னைக் கேட்டியா?" என்றாள். கேட்கவில்லை. "கூட்டிட்டுப் போறேன்னானே, அவன் கேட்டானா?" நீயும் கேட்கவில்லை. "வண்டியில நான் பேசுனேன்னு எழுதியிருக்க. நான் பேசுனது ஒரே ஒரு நாள். மீதி நாளெல்லாம் பேசுனது யாரு? நீ சொன்னதுல ஒண்ணாவது இதுல இருக்கா?" இல்லை. இருக்காது. "அவனும் என் வயித்துல பொறந்தவன்தானே. போன் பண்ணா மாத்திரை போட்டியாம்பான், பொண்டாட்டிகிட்ட குடுத்துடுவான். அவன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாம நான் எப்படி அங்க போறேன், போகலைன்னு சொல்றது?"

எனவே இருபதாம் தேதி கட்டாயம் வா. தனியாக, பஸ்ஸில் வா. சாவியை வாசலிலேயே தருகிறேன். நீ ஓட்ட வேண்டும், அம்மா பக்கத்தில் உட்காருவாள், எங்கே என்று அவள் சொல்வாள். திரும்பி வந்து இறங்கியதும் இங்கேயா அங்கேயா என்று அவளே சொல்வதாக உத்தரவு. எனக்கு அதில் இடம் கிடையாது. நான் வாசல் கேட்டருகே நிற்பேன். முதல் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பதறாதே. ஒரு சுற்று போதும் என்று அம்மா சொன்னால் நம்பாதே, இன்னொரு சுற்று போய்விட்டு வா.