ஆற்றுப்பாலை மரமும் உன் அக்காவும்

கரமனை, திருவனந்தபுரம்
கொல்லம் 1108, துலாம் மாதம்

சிரஞ்சீவி சேஷனுக்கு உன் அத்திம்பேர் சாம்பசிவன் மனமாரச் சொல்லும் ஆசீர்வாதம். பகவான் கிருபையில் இங்கே எல்லாம் சௌக்கியம், என் இடுப்பைத் தவிர. அது எப்படிப் போயிற்று என்பதையும், உன் அக்கா சாவித்ரி செய்த காரியத்தையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெண்கள் படித்துறைமேல் கவிந்து நிற்கும் ஆற்றுப்பாலை மரம் உனக்குத் தெரியும். அந்த மறைப்பு இருப்பதால்தான் அக்கரை வண்டிப்பாதையில் போகிறவர்கள் கண்ணில் படாமல் அவர்கள் குளிக்க முடிகிறது. போன மாதம் இலையெல்லாம் சல்லடையாகி வெறும் நரம்பு நின்றது. ஓவர்சியர் கோலப்ப பிள்ளை வந்து, "மரத்துக்கு தீனமாக்கும், சாமி. வெட்ட உத்தரவு வந்தாச்சு" என்றார். நானோ நோயில்லை, வெயில் கருகல் என்று தீர்ப்புச் சொல்லி, குளிர்ச்சிக்காக ஏணி வைத்து ஏறி மோர் தெளித்தேன். மரத்திலிருந்த முசுறு எறும்பெல்லாம் என் மேல் ஏற, நான் ஏணியோடு ஆற்றில் இறங்கினேன்.

என்னைக் கரையேற்றிய கையோடு சாவித்ரி ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் கொத்துக் கொத்தாய் மஞ்சள் முட்டை, பக்கத்தில் கறுத்த புழு, மிளகளவில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு வண்டு.

"தீனமும் இல்லை, வெயிலும் இல்லை. எல்லாம் இதுகள் மேஞ்சதுதான். முட்டை, புழு, வண்டு எல்லாம் ஒரே குடும்பம், கேட்டேளா. கிளையைத் தொட்டா வண்டு பொத்துனு விழறது பாருங்கோ" என்றாள்.

தானே விழுகிற பிராணிக்கு ஏணி எதற்கு? மறுநாள், வண்டுகள் பறக்கச் சோம்பியிருக்கும் ஈரக் காலையில், தெருப் பெண்களைக் கூட்டி, மரத்தடியில் எங்கள் வேஷ்டிகளை விரித்து, துரட்டியால் கிளைகளை உலுக்கினாள். விழுந்ததை மண்ணெண்ணெய் விட்ட தண்ணீரில் கொட்டினாள். முட்டையும் புழுவும் இருந்த இலைகளைக் கிள்ளி எரித்தாள். மிச்ச முட்டை பொரியுமே என்று தினமும் அதையே செய்தாள், அலுக்காமல். இப்போது கிளை நுனியெல்லாம் புதுத் தளிர். நேற்று கோலப்ப பிள்ளையிடம், "இதை வெட்டணும்னா எங்களைக் கேட்டுண்டு வெட்டுங்கோ" என்றாள். பின்னால் பெண்கள் துரட்டியோடு நின்றார்கள். மனுஷர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். இடுப்பு வலியிலும் எனக்கு அப்படியொரு சந்தோஷம், சேஷா. இத்தனை வருஷம் சமையலைத் தவிர வேறெதற்கும் அவளைப் புகழாமல் இருந்துவிட்டேன்.

குழந்தைகளுக்கும் உன் ஆத்துக்காரி விஜயலக்ஷ்மிக்கும் பத்மநாப ஸ்வாமி எந்தக் குறையும் வைக்கமாட்டார்.

இப்படிக்கு,
சாம்பசிவன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது கோலப்ப பிள்ளை வந்தார். "இடம் மாறிப்போச்சு, சாமி. உத்தரவு இந்த மரத்துக்கில்லை, ஆம்பிளையாள் படித்துறை மரத்துக்காக்கும்" என்றார். "அப்போ அதையும் பாத்துடலாம்" என்று சாவித்ரி பெண்களோடு அங்கே போய் வேலையில் இறங்கிவிட்டாள். பொழுது உச்சிக்கு வந்தாயிற்று. இந்தத் தெருவில் ஓர் ஆண்பிள்ளையும் இன்னும் குளிக்கவில்லை.