நரகத்தில் சம்பந்தி

தகரக் கதவு தடாலென்று திறந்தது. ஏணி உச்சியில் நின்று சினிமா பேனரில் கதாநாயகியின் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்த உச்சிமாகாளியின் கை நழுவ, மை அவள் கன்னம் வரை இறங்கிவிட்டது.

"ஏங்க, கீழ இறங்குங்க! நம்ம சம்பந்தி நரகத்துல நிக்காரு!"

வாசலில் மூச்சு வாங்க நின்றாள் அவன் மனைவி சுந்தரம்மாள். கல்யாணமான நாளிலிருந்து சினிமாக் கொட்டகைப் பக்கமே வராதவள்.

"எந்தச் சம்பந்தி?"

"உங்களுக்கு எத்தனை சம்பந்தி இருக்காக? சாயப்பட்டறை ஆறுமுகச்சாமி அண்ணாச்சிதான். ரயிலடிப் பொட்டல்ல வேதக்காரவுக கூட்டத்துக்கு வரைஞ்சு குடுத்தீகளே, அந்தப் படத்துல நிக்காரு. தலையில கொம்பு வேற வச்சிருக்கு!"

"கொம்பு வச்சது பிசாசுலா?"

"பிசாசுதான். மூஞ்சி மட்டும் அண்ணாச்சி மூஞ்சி. சாயங்காலம் சொந்தக்காரவுக எல்லாரையும் கூட்டிக்கிட்டு அந்தப் படத்தப் பாக்க வாராகளாம். வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம். அது நடந்த மாதிரிதான்!"

உச்சிமாகாளி ஏணியிலிருந்து இறங்கவில்லை, கிட்டத்தட்ட விழுந்தான்.

சினிமா பேனர் வரைகிறவன் வீட்டில் பெண் எடுக்கச் சங்கரன்கோவிலில் ஒருவரும் முன்வரவில்லை. வந்தவர்களும் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, ஜாதகம் சரியில்லை என்று எழுந்து போனார்கள். ஆறுமுகச்சாமி ஒருவர்தான், "பொண்ணு நல்ல பொண்ணு. அப்பன் எதை வரைஞ்சா நமக்கென்ன?" என்று தன் மகனுக்கு உச்சிமாகாளியின் மகள் முத்துமாரியம்மாளைக் கேட்டார். அந்த மனிதருக்குத்தான் இப்போது கொம்பு முளைத்திருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் தங்கப்பழம் உபதேசியார்.

போன வாரம் வந்தார். மூன்று நாள் சுவிசேஷக் கூட்டம். மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு பெரிய துணிப்படம் வேண்டும். இடப்பக்கம் நரகம், வலப்பக்கம் மோட்சம், நடுவில் யாரும் தாண்ட முடியாத பெரும் பிளப்பு.

போட்டோ இல்லாமல் எதையும் வரைந்து பழக்கமில்லாத உச்சிமாகாளி, "நரகத்துக்கு ஸ்டில் ஏதும் வச்சிருக்கீரா?" என்று கேட்டான்.

"போயிட்டு வந்தவன் எவனாவது இருந்தால்லா ஸ்டில் இருக்கும்? நான் சொல்லுதேன், நீரு வரையும். அவியாத நெருப்பு. சாகாத புழு. அதோட, கும்மிருட்டு."

"நெருப்பு எரிஞ்சா வெளிச்சம் வருமே. பெறவு எப்பிடி இருட்டு?"

உபதேசியார் தாடையைத் தடவினார். "அது சுடும். வெளிச்சம் தராது."

"சரி, நேத்து செத்தவன் இந்நேரம் அங்கன வெந்துக்கிட்டு இருப்பானா?"

"அதுல ஒரு விசயம் இருக்குவே. செத்தவங்க மொதல்ல போறது பாதாளத்துக்கு. அங்கன காத்துக் கெடப்பாங்க. கடைசித் தீர்ப்புக்குப் பெறவுதான் நரகம்."

"அப்போ பாதாளம் பஸ் ஸ்டாண்டு மாதிரி."

"ம்... அப்படியும் வச்சுக்கலாம்."

"அங்கன மொதலாளி யாரு? எங்க எமதர்மராசா மாதிரி, உங்களுக்குப் பிசாசா?"

"மொதலாளியாவது! அவனும் குத்தவாளிதான். கடைசியில அவனையும் நெருப்புக்குள்ளதான் தள்ளுவாங்க."

"அதுவரைக்கும்?"

உபதேசியார் இந்த இடத்தை எதிர்பார்க்கவில்லை. "அதுவரைக்கும்... ஒரு கம்பைப் பிடிச்சிக்கிட்டு ஓரமா நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார்.

வெளிச்சம் தராத நெருப்பு உச்சிமாகாளியைத் தூங்கவிடவில்லை. அடுப்பைப் பார்த்தான், கொல்லன் உலையைப் பார்த்தான். எல்லாம் வெளிச்சமாகவே எரிந்தன.

மறுநாள் நிச்சயதாம்பூலம் பற்றிப் பேசச் சாயப்பட்டறைக்குப் போனவன், வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே பெரிய பெரிய செப்புக் கொப்பரைகள். அடியில் விறகு திகுதிகுவென்று எரிகிறது. ஆனால் ஆவியும் புகையும் மண்டிக் கிடப்பதில் பக்கத்து ஆள் தெரியவில்லை. நெருப்பு இருக்கிறது, இருட்டும் இருக்கிறது! அந்தப் புகைக்குள் முழங்கை வரை சிவந்த கைகள் மட்டும் அங்கங்கே மிதந்தன. நடுவில் தலையில் சிவப்புத் துண்டும், இடுப்பில் ஒரு கையும், நூல் கிண்டும் நீளக் கம்பில் மறு கையுமாக ஒரு உருவம்.

"வாரும் சம்பந்தி! ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கீரு?" என்றது அந்த உருவம்.

உச்சிமாகாளி நிச்சயதாம்பூலத்தைப் பற்றி என்ன பேசினான் என்பது அவனுக்கே ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து தூரிகையை எடுத்தான். கொப்பரைகளில் நூலுக்குப் பதில் பாவிகளைப் போட்டான். பிசாசு தானாகவே வந்து நின்றுவிட்டது. யார் சாயல் என்று அவன் யோசிக்கவே இல்லை. கூட்டம் தொடங்கிய அன்று படத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, நேரே கொட்டகைக்கு வந்துவிட்டான்.

இப்போது பொட்டலில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. புதர் போன்ற அந்தப் புருவம், ஒரு பக்கம் கோணிய அந்த உதடு, இடுப்பில் வைத்த கை. கொம்பு இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகையில் போடலாம்.

"மீசை வச்சா ஆளு தெரியாது," என்று ஏணியில் ஏறினான். நல்ல முறுக்கு மீசையாக வைத்துவிட்டு இறங்கினான்.

உபதேசியார் மேடையிலிருந்து ஓடி வந்தார். "ஏம்வே, உமக்குக் கிறுக்கா? மைக் வைக்க அனுமதி தந்த இன்ஸ்பெக்டரையா நரகத்துல நிறுத்துவீரு? அவரு ஏழு மணிக்கு ரவுண்டு வருவாரு!"

உச்சிமாகாளி பார்த்தான். இன்ஸ்பெக்டரேதான். மறுபடியும் ஏறினான். மீசையை எடுத்தான், புருவத்தை மெலியவைத்தான், கோணிய உதட்டை நேராக்கினான். அப்படியும் மனம் கேட்காமல் ஒரு மூக்குக் கண்ணாடியையும் மாட்டிவிட்டான்.

கீழே பாய் விரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். உபதேசியார் படத்தைப் பார்த்தார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"வே," என்றார், அடக்கமான குரலில். "நான் ஞானஸ்நானம் எடுத்தவன்வே."

"இவுக கைக்கு மனுச மூஞ்சியே ஆகாது. எல்லாத்தையும் அழிச்சுப் போடுங்க!" என்று கீழிருந்து கத்தினாள் சுந்தரம்மாள்.

உச்சிமாகாளி கறுப்பு டப்பாவைக் கவிழ்த்தான். முகம் போய் இரண்டு கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சின. ஊரில் யாருக்கும் அந்தச் சாயல் இல்லை.

"அப்பாடா," என்றான்.

"என்ன அப்பாடா? நேத்தே ஊரு பூராவும் பாத்திருக்கும். யாராவது அவுக காதுல போட்டிருப்பாக. கோவத்தோடதான் வருவாக. அழிச்சாப் போதுமா? அவுக மனசு குளுர வேண்டாமா?"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

சுந்தரம்மாள் வலப்பக்கத்தைக் காட்டினாள். "மோட்சத்துல ஏத்துங்க."

உபதேசியார் இரண்டு கைகளையும் விரித்து ஏணிக்குக் குறுக்கே நின்றார். "முடியாது! அவரு இன்னும் மனந்திரும்பவே இல்லையே! எங்க வேதக்கோயில் வாசப்படி கூட மிதிக்காத ஆளு!"

"பெறவு திரும்பாமலா போவாரு? பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்கோம்லா, அந்த மாதிரி ஒரு துண்டு போட்டு வைக்கேன்," என்றான் உச்சிமாகாளி.

"மோட்சத்துலயா?"

"நரகத்துலருந்து உம்மைத் துடைச்சு எடுத்தது யாரு? நான்தானே?"

உபதேசியார் விரித்த கைகளை மடக்கிக்கொண்டார்.

உச்சிமாகாளி தன் வாழ்நாளில் எந்த நடிகனுக்கும் காட்டாத பக்தியோடு வேலை செய்தான். வெள்ளை மேகம். மேகத்தின் மேல் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டோடு ஆறுமுகச்சாமி. புருவத்தில் ஒரு முடி குறையவில்லை. கண்கள் பாதி மூடி, முகத்தில் அப்படி ஒரு சாந்தம். தலையைச் சுற்றி ஒளிவட்டம். கழுத்து வெறுமையாகத் தெரிந்ததால் பெரிய மல்லிகை மாலையாக ஒன்று போட்டான்.

"இப்பத்தான் லட்சணமா இருக்காக," என்றாள் சுந்தரம்மாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டு வில்வண்டிகள் வந்து நின்றன. இளையரசனேந்தல் உறவுக்காரர்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். ஆறுமுகச்சாமி சலவை வேட்டியும் புதுத் துண்டுமாக, ஒரு கையை மேடைப் பக்கம் நீட்டிக்கொண்டே முன்னால் வந்தார். படத்தருகே வந்ததும் நீட்டிய கை அப்படியே நின்றது. நரகத்தையே உற்றுப் பார்த்தார்.

"எங்க இருக்கீரு மச்சான்?" என்றார் ஒருவர்.

"அந்தா இருக்காகளே! மேகத்து மேல!" என்று ஒரு பெண் கூவினாள், கூவியவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறுமுகச்சாமியின் தலை மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. அவர் மனைவி கோமதியம்மாள் படத்தை ஒரு முறை பார்த்தாள். தாலியை எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

"பாத்தியா? எவ்வளவு பக்தி!" என்று உச்சிமாகாளி மனைவியின் காதில் சொன்னான்.

ஆறுமுகச்சாமி நீட்டிய கையைக் கீழே இறக்கினார். துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்பி நடந்தார். வந்த சனம் முழுவதும் அவர் பின்னாலேயே வண்டிகளில் ஏறியது. மேடையில் உபதேசியார் முதல் பாட்டைத் தொடங்குவதற்குள் பொட்டலில் புழுதி மட்டும் நின்றது.

மறுநாள் காலை, பட்டறையில் நூல் காயப்போடும் பூமாரி வந்து வாசலில் நின்றாள். முத்துமாரியம்மாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை வெத்தலபாக்கு மாத்த வேண்டாம்னு சொல்லிட்டு வரச் சொன்னாக."

உச்சிமாகாளி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நரகத்துல நின்னது தெரியாம நடந்த தப்பு தாயி! அதான் அழிச்சு மோட்சத்துல ஏத்திட்டேனே. இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன மரியாதை செய்ய முடியும்?"

"அத அழிக்கச் சொன்னது யாரு?" என்றாள் பூமாரி. "மொத நாளே பட்டறை சனம் பூராவும் அவுககூடப் போய்ப் பாத்துட்டு வந்தோம்லா!"

"பாத்தாகளா? பாத்துட்டா பேசாம இருந்தாக?" என்று சுந்தரம்மாள் உள்ளிருந்து ஓடி வந்தாள்.

"பேசாமலா இருந்தாக? 'ஊரு சனம் எல்லாம் கொப்பரைக்குள்ள கெடந்து கதறுது, நான் ஒருத்தன்தான் வெளிய நின்னு வேல வாங்குதேன், எமலோகத்துலயும் நான்தாம்லே மொதலாளி'ன்னு சொல்லி, அதைக் காட்டத்தான சொந்தக்காரவுகளையே வண்டி கட்டிக் கூட்டியாந்தாக! நரகத்துல உசுரோட அதிகாரம் பண்ணிக்கிட்டு இருந்த மனுசனக் கொன்னு, மாலை போட்டு மோட்சத்துல உக்கார வச்சுட்டீகளே அண்ணாச்சி!"