மெக்கானிக் ஏசியை அணைத்தார்

அறை ஜில்லென்று இருந்தது. உள்ளே காலை வைத்ததுமே லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது.

"உடம்பு முடியாதவங்க கூடுற இடமா இது, இல்ல ஐஸ் ஃபேக்டரியா?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்க" என்றாள் மனைவி. "அப்படி உட்காருங்க. நான் மாடி ஆபீஸ்ல கொஞ்சம் பேப்பர் எடுத்துட்டு வந்துடறேன்."

"மாடிக்கா? நீ உட்காரு, நான் போறேன்."

"லிஃப்ட் இருக்குங்க."

"லிஃப்ட்டைப் பத்தி எனக்கே சொல்றியா?"

"அப்போ அதையாவது நம்புங்க" என்று சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

மெக்கானிக் தன் இரண்டு பைகளையும் கீழே வைத்தார். ஒன்றில் போர்வை, ஸ்வெட்டர், வெந்நீர் பிளாஸ்க். இன்னொன்றில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, மாத்திரை டப்பா, கால் வழுக்காத செருப்பு, அதற்கு ஒரு மாற்றுச் செருப்பு. எல்லாம் மனைவிக்காக.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய இடது பாதம் மரத்துப்போனது. பிறகு ஒரு கண் மங்கியது. ஸ்கேன் எடுத்த டாக்டர், "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமா எம்.எஸ்." என்றார். நரம்புகளின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகும், அதனால் மூளை அனுப்புகிற செய்தி வழியில் தடுமாறும் என்று விளக்கினார். "வயர்ல இன்சுலேஷன் போன மாதிரி" என்று மெக்கானிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "சரி, எப்போ திரும்பச் சுத்துவீங்க?" என்று கேட்டார். இது முழுசாகச் சரிசெய்கிற விஷயமில்லை, மருந்தோடு சமாளித்து வாழ்கிற விஷயம் என்றார் டாக்டர்.

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் அவரால் சரிசெய்ய முடியாத முதல் பழுது அது. அதனால் அதைச் சுற்றியிருந்த மற்ற எல்லாவற்றையும் சரிசெய்ய ஆரம்பித்தார். குளியலறையில் கைப்பிடி வைத்தார். நடையில் வைத்தார். கடைசியில் ஃபிரிட்ஜுக்கும் ஒன்று வைத்ததில் அதன் கதவு பாதிதான் திறந்தது. காய் நறுக்கும் கத்தியை ஒளித்துவைத்தார். கட்டட வரைபட அலுவலகத்தில் அவள் மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் ஒரு நாளைக்குப் பதினோரு முறை போன் செய்தார்.

இந்த எம்.எஸ். குழுவுக்கு அவள் ஐந்து மாதமாகப் புதன்கிழமைகளில் தனியாகத்தான் வந்துகொண்டிருந்தாள். முதன்முறையாக, "சனிக்கிழமை நீங்களும் கூட வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். பாவம், தனியாக வர முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத்தான் மெக்கானிக் இரண்டு பை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மேசைமேல் ஏசி ரிமோட் கிடந்தது. யாரும் பார்க்காதபோது அணைத்தார். மறுபடி யாராவது போட்டுவிட்டால்? பேட்டரி இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று ஜன்னல்களையும் சாத்தினார். அப்புறம்தான் நிம்மதியாக உட்கார்ந்தார்.

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பூக்கடைக்காரம்மா. பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர்; அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது.

"கண்ணுல அடியா சார்?" என்றார் மெக்கானிக்.

"இல்ல சார், எம்.எஸ்.தான். சில நாள் எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியும். ஒரு கண்ணை மூடிட்டா ஒண்ணாயிடும். முப்பது வருஷம் தெருத்தெருவா நடந்தேன், இந்த டேப்போட கடைசி நாலு வருஷம். ஒரு லெட்டர்கூட வீடு மாறிப் போனதில்ல."

"நீங்க இன்னும் கடைக்குப் போறீங்களாம்மா?"

"நான் போகாம யார் போறது? தூரமாப் போகத்தான் இந்த வண்டி. கல்லாவுல கால் எதுக்கு தம்பி, கை போதுமே!"

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கால்மணி நேரம் கழித்துத் தபால்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏன் இப்படிப் புழுங்குது?" என்றார். நாக்கு லேசாகக் குழறியது. பூக்கடைக்காரம்மாவின் கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது.

மெக்கானிக் பதறிப்போய் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். "ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல அட்டாக்! சீக்கிரம் வாங்க!"

தபால்காரர் கையை நீட்டி, போனை மெதுவாக வாங்கிக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க, இங்க ஏசி நின்னுபோச்சு. ஆமாங்க, ஏசிக்குத்தான் ஆம்புலன்ஸ் கூப்பிட்டார். மன்னிச்சுக்கோங்க."

அதற்குள் மெக்கானிக் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்து வாசலை நோக்கித் தள்ள ஆரம்பித்திருந்தார்.

"தம்பி! நான் எங்கயாவது போகணும்னு சொன்னேனா?" பூக்கடைக்காரம்மா பிரேக்கைப் போட்டார். நாற்காலி நின்றது. மெக்கானிக் நிற்கவில்லை. பக்கவாட்டில் சறுக்கி, உடற்பயிற்சிக்கு வைத்திருந்த பெரிய ரப்பர் பந்தின்மேல் விழுந்து, அது தூக்கிப் போட்டதில் பாயில் போய் விழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பேட்டரி உருண்டோடி இரும்பு பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

நிமிர்ந்து பார்த்தால் பூக்கடைக்காரம்மா எழுந்து ஜன்னலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"அம்மா! எந்திரிக்காதீங்க! நீங்க நடக்க முடியாதவங்க!"

"யார் சொன்னது? நாலடி நடப்பேன். அடி விழுந்தது உங்களுக்குத்தான், நீங்க படுத்திருங்க." அவர் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றார். "தம்பி, எங்களுக்குச் சூடுதான் ஆகாது. உடம்பு சூடானா நரம்பு இன்னும் மந்தமாயிடும். குளுந்தா பழையபடி ஆயிடும். அந்த ஏசிதான் எங்களுக்கு பாதி மருந்து. அது எப்படி நின்னுச்சுன்னுதான் தெரியல."

மெக்கானிக்குக் காது மடல் சுட்டது. எப்படி நின்றது என்று அவர் சொல்லவில்லை. "நான் பார்க்கறேன், இதெல்லாம் நம்ம வேலைதான்" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, ஒரு நாற்காலிமேல் ஏறி, ஏசியின் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். மெயினை அணைக்காமல் எந்தப் பெட்டியையும் தொடக்கூடாது என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இன்று அவருக்கே மறந்துபோயிற்று. ஸ்குரூ டிரைவர் வழுக்கியது.

படார்!

விளக்கு போனது. மின்விசிறி போனது. கட்டடம் முழுக்க ஒரே நிசப்தம். அந்த நிசப்தத்தில், நடையின் கோடியிலிருந்து, இருபத்திரண்டு வருடமாக அவருக்குப் பழக்கமான ஒரு சத்தம் கேட்டது. பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்டின் சத்தம்.

"ஐயோ, அவ உள்ள இருக்கா!"

ஓடினார். முதல் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நடுவில் லிஃப்ட் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு இடுக்கில் வாயை வைத்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

"இருக்கேங்க" என்றது உள்ளேயிருந்து நிதானமான குரல்.

"பயப்படாதே! நான் வந்துட்டேன்! மெஷின் ரூம் சாவி... சாவி யார்கிட்ட... இல்ல, கதவை உடைச்சிடறேன்!" ஆயிரம் பேரை லிஃப்ட்டிலிருந்து இறக்கிவிட்ட கைகள் அவை. இப்போது ஸ்குரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்துக் கதவை இடித்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, நான் சொல்றதைக் கேளுங்க. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு நீங்க முதல்ல என்ன சொல்வீங்க?"

"கதவைத் தள்ளாதீங்க. மெதுவா மூச்சு விடுங்க. காத்து வரும், ஒண்ணும் ஆகாது. யாராவது வருவாங்க."

"அதை இப்போ உங்களுக்கே ஒரு தடவை சொல்லிக்கோங்க."

"உள்ள புழுங்கும்மா! உனக்குச் சூடு ஆகாதாம்!"

"அது எனக்கு எட்டு மாசமாத் தெரியும். கழுத்துல ஈரத் துண்டு சுத்தியிருக்கேன், கையில தண்ணி பாட்டில் இருக்கு. கால் வலிச்சா உட்கார்ந்துப்பேன். நீங்க உட்கார்ந்தீங்களா?"

உட்கார்ந்தார். உட்காராமல் முடியவில்லை.

அதற்குள் பின்னால் வேலை நடந்துகொண்டிருந்தது. தபால்காரர் அறையில் வைத்திருந்த ஐஸ் பெட்டியிலிருந்து ஈரத் துண்டுகளை எடுத்துத் தனக்கொன்றும் பூக்கடைக்காரம்மாவுக்கொன்றும் போட்டுவிட்டு, மூன்றாவதை மெக்கானிக்கின் கழுத்தில் சுற்றினார். பூக்கடைக்காரம்மா நாற்காலியை உருட்டிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த மெயின் பெட்டிக்குப் போனார்.

"தம்பி, அந்த ஏசி பெட்டியைத் தனியா ஆஃப் பண்ணிட்டேன். மத்ததைப் போடலாமா?"

"போ... போடலாம்மா."

அவருக்குக் கை எட்டவில்லை. தபால்காரர் தன் கைத்தடியைக் கொடுத்தார். அதன் நுனியால் பூக்கடைக்காரம்மா நெம்புகோலை மேலே தள்ளினார். விளக்கு வந்தது. லிஃப்ட் ஒருமுறை முனகிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கீழே இறங்கியது.

கதவு திறந்தது. மனைவி கழுத்தில் துண்டும் கையில் ஒரு கட்டுக் காகிதமுமாக வெளியே வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"இவருக்கு என்ன ஆச்சு?"

"பயந்துட்டார்" என்றார் தபால்காரர். அவர் மெக்கானிக்கின் பையிலிருந்தே கருவியை எடுத்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். "நூத்தி எழுபது. எனக்கு இவர் ரெண்டு பேராத் தெரியாததே நல்லதாப் போச்சு. ஒருத்தரையே சமாளிக்க முடியல."

மூன்று பேருமாகச் சேர்ந்து அவரை அறைக்குக் கூட்டிவந்து, காற்று வருகிற ஜன்னலோரமாக உட்காரவைத்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து மிச்சமிருந்த பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான்தான் அணைச்சேன்."

"தெரியும்" என்றார் பூக்கடைக்காரம்மா. "நீங்க விழுந்தப்போ ஒண்ணு ஓடுச்சே! நீங்களா சொல்றீங்களான்னுதான் பார்த்தேன்."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். "உனக்கு ஏதாவது ஆயிடக் கூடாதுன்னுதான்..."

"ஆயிடுச்சுங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடியே ஆயிடுச்சு." அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆனதுக்கப்புறமும் நான் ஆபீஸ் போறேன், பிளான் வரையறேன், லிஃப்ட் நின்னா நிதானமா நிக்கறேன். சில நாள் முடியாது, அன்னிக்கு வாயைத் திறந்து கேட்கறேன். நீங்கதான் இன்னும் அந்த டாக்டர் ரூம்லயே உட்கார்ந்திருக்கீங்க. எழுந்து வாங்க."

தபால்காரர் குனிந்து தன் கைத்தடியாலேயே பீரோவுக்கு அடியிலிருந்து அந்தப் பேட்டரியைத் துழாவி வெளியே தள்ளினார். பூக்கடைக்காரம்மா உருண்டுபோன பந்தைக் காலால் தடுத்து அதன் இடத்தில் நிறுத்தினார். யாரும் யாரையும் பிடித்து இழுக்கவில்லை, தள்ளவில்லை. தேவைப்பட்டபோது ஒருவர் கை நீட்டினார், மற்றவர் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் எந்த விபத்திலும் இவ்வளவு பதறாத ஆட்களை அவர் பார்த்ததில்லை.

"பெரிய ஆளுங்கம்மா நீங்க எல்லாம்" என்று கைகூப்பினார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "நீ இவங்ககிட்ட நல்லாக் கத்துக்கோ. வாரம் தவறாம வா. இனிமே குறுக்க வரமாட்டேன். உன் வகுப்பு நடக்கட்டும், நான் வெளிய பெஞ்சுல உட்கார்ந்துக்கறேன்."

இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு, நிறைந்த மனதோடு வாசலுக்கு நடந்தார். எதிரே பதிவேட்டோடு உள்ளே வந்த அலுவலகப் பெண் அவரை வழிமறித்தபடி நின்று, அவர் மனைவியைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னக்கா இது, 'அளவுக்கு மீறி உதவி செய்யற வீட்டுக்காரங்க' வகுப்புல இன்னிக்குச் சேர்ந்திருக்கறதே சார் ஒருத்தர்தான், அவரும் வெளிய போயிட்டா நீங்க யாருக்குப் பாடம் எடுப்பீங்க?"